பட்டை நகர்கிறது, சத்தம் நகரவில்லை

வால்யூம் கீயை அழுத்துகிறீர்கள். திரையில் பட்டை ஏறுகிறது. சத்தம் இருந்த இடத்திலேயே நிற்கிறது. இன்னொருவர் லேப்டாப்பில் வேறு மாதிரி: கீழ்ப்பகுதியில் பேச்சுமூச்சே இல்லை, அதற்கு மேல் ஒரு புள்ளி ஏற்றினால் அறையே அதிர்கிறது. மூன்றாமவருக்குப் பட்டையே வருவதில்லை. லினக்ஸுக்கு மாறிய நண்பர்கள் என்னிடம் கொண்டுவரும் கேள்விகளில் இந்த ரகம்தான் அதிகம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. நல்ல நிலையில் இருக்கும் லேப்டாப்பைத் தூக்கிப்போட மனமில்லாதவர்கள் பலர் லினக்ஸ் மின்ட் பக்கம் வருகிறார்கள். வைஃபை, பிரிண்டர், டச்பேட் எல்லாம் தானாகவே வேலை செய்துவிடுகின்றன. வால்யூமில் வந்து மாட்டிக்கொள்கிறார்கள்.

இந்த விமர்சனம் லினக்ஸ் மின்ட் 22 சின்னமன் பதிப்பின் ஒலிப் பகுதியைப் பற்றி மட்டும்தான். ஓட்டிப் பார்த்தது ஏஎம்டி பிராசஸரும் நான்கு ஸ்பீக்கர்களும் கொண்ட, கொஞ்சம் பழகிய லேப்டாப் ஒன்றில். மேலே இரண்டு ஸ்பீக்கர், அடிப்பக்கம் பாஸுக்கு இரண்டு. தயாரித்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லினக்ஸின் ஒலி அமைப்பு இன்று நன்றாகத் தேறிவிட்டது. வால்யூம் கோளாறுகளில் பெரும்பாலானவற்றை வீட்டிலேயே உட்கார்ந்து சரிசெய்துவிடலாம். ஆனால் கோளாறு எந்த இடத்தில் என்று டெஸ்க்டாப் காட்டிக்கொடுப்பதில்லை. அதற்கு டெர்மினலில் ஓடும் பழைய கருவி ஒன்றைத்தான் இன்னமும் நம்பவேண்டியிருக்கிறது.

ஒற்றைப் பட்டையாகத் தெரிவதற்குப் பின்னால் சத்தம் பல கை மாறுகிறது. பாட்டை ஓட்டும் ஃபயர்பாக்ஸுக்கோ விஎல்சிக்கோ தனி வால்யூம் உண்டு. எல்லாவற்றையும் கலந்து ஒன்றாக்குவது பைப்வயர். எதை எந்த ஸ்பீக்கருக்கு அனுப்புவது என்று முடிவெடுப்பது அதன் துணை நிரலான வயர்பிளம்பர். அதற்குக் கீழே, கர்னலுக்குள் அல்சா. கடைசியில் மதர்போர்டில் இருக்கும் கோடெக் சில்லு; எண்களை மின் அலையாக மாற்றி ஸ்பீக்கருக்குத் தருவது இதுதான். இந்த வரிசையில் எந்த இடத்தில் மியூட் விழுந்திருந்தாலும் சத்தம் வராது. எந்த இடத்தில் கட்டுப்பாடு விட்டுப்போயிருந்தாலும் பட்டை மட்டும் நகரும்.

இவை ஒரே நாளில் வந்தவையல்ல. யாரோஸ்லாவ் கிசெலா 1998-இல் தொடங்கிய அல்சா, 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 கர்னலோடு லினக்ஸின் முதன்மை ஒலி அமைப்பானது. அதன் மேல் லென்னார்ட் பொட்டெரிங்கின் பல்ஸ்ஆடியோ வந்து உட்கார்ந்தது. 2008-இல் உபுண்டு 8.04 அதை இயல்பாகச் சேர்த்த காலத்தில் லினக்ஸ் ஒலி என்றாலே தலைவலி என்று பெயர். ரெட் ஹேட்டில் பணியாற்றும் விம் டேமன்ஸ் எழுதிய பைப்வயர் 2021-இல் ஃபெடோரா 34 வழியாகப் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. மின்ட் அதை 22-ஆம் பதிப்பில், 2024 ஜூலையில்தான் ஏற்றுக்கொண்டது. புளூடூத் ஹெட்செட்டை மாற்றினால் சத்தம் அறுந்துபோவது, வீடியோ காலின் நடுவே மைக் காணாமல்போவது போன்ற பழைய தொல்லைகள் பைப்வயரில் வெகுவாகக் குறைந்திருக்கின்றன. ஆனால் லேப்டாப்பின் ஸ்பீக்கரை எந்தக் கட்டுப்பாட்டால் ஏற்றி இறக்குவது என்ற விதிகளை அது பல்ஸ்ஆடியோவிடமிருந்தே எடுத்துக்கொண்டது. அதனால் அந்த இடத்துக் கோளாறுகளும் கூடவே வந்துவிட்டன.

கோளாறு பார்க்க உட்கார்ந்ததும் முதலில் கீபோர்டை விலக்கிவிடுங்கள். மவுஸ் முனையைக் கீழ்ப்பட்டியில் இருக்கும் ஸ்பீக்கர் ஐகான் மேல் வைத்துச் சக்கரத்தை உருட்டுங்கள். சத்தம் சரியாக ஏறி இறங்கினால் ஒலியில் பிரச்சினையே இல்லை, கீயில்தான். பல லேப்டாப்களில் எஃப்என் பூட்டு மாறியிருக்கும். எஃப்என்-உடன் எஸ்கேப் கீயை ஒருமுறை அழுத்தினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீரவில்லையென்றால் ஈவிடெஸ்ட் என்ற சிறு நிரலை நிறுவி ஓட்டி, வால்யூம் கீயை அழுத்துங்கள்; அதன் எண் திரையில் வரும். மியூட்டுக்கு 113, குறைக்க 114, கூட்ட 115: இவை கர்னலில் நிலையான எண்கள். ஒரு விஷயம் கவனிக்கவேண்டும். ஈவிடெஸ்ட் ஒரு பட்டியல் தந்து எதைக் கேட்பது என்று கேட்கும். சாதாரண கீபோர்டில் எதுவும் வராவிட்டால், தயாரிப்பாளரின் ஹாட்கீ என்று தனியாக இருக்கும் வரியையும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். சில லேப்டாப்களில் வால்யூம் கீ அந்த வழியாகத்தான் வரும். எண் வந்தால் டெஸ்க்டாப்பின் ஷார்ட்கட்டில் சரிசெய்யலாம். எதிலும் எண் வரவில்லையென்றால் பயாஸ் அப்டேட்டோ புதிய கர்னலோதான் வழி.

ஒலி அமைப்பில் 'டம்மி அவுட்புட்' என்று மட்டும் தெரிந்தால் அது வால்யூம் பிரச்சினையே அல்ல. பெரும்பாலும் கர்னல் ஒலிக் கருவியைக் கண்டுபிடிக்கவில்லை என்று பொருள். சில வருடங்களாக வரும் இன்டெல் லேப்டாப்கள் பலவற்றுக்கு சவுண்ட் ஓபன் ஃபர்ம்வேர் என்ற கோப்புத் தொகுப்பு வேண்டும். டெபியன் போன்றவற்றில் அதைத் தனியாக நிறுவவேண்டியிருக்கும். ஒரே ஒரு அப்ளிகேஷனில் மட்டும் சத்தம் குறைவாக இருந்தால் பாவுகன்ட்ரோல் என்ற நிரலைத் திறந்து 'பிளேபேக்' பகுதியைப் பாருங்கள். என்றைக்கோ குறைத்துவைத்ததை வயர்பிளம்பர் மறக்காமல் வைத்திருக்கும். விண்டோஸும் கூடவே இருக்கும் லேப்டாப்பில், அங்கிருந்து ரீஸ்டார்ட் செய்து லினக்ஸுக்கு வந்தால் சிலசமயம் கோடெக் அரைகுறை நிலையில் இருக்கும். முழுவதும் ஷட்டவுன் செய்து திறந்தால் சரியாகிவிடும்.

இனி என் லேப்டாப்பில் இருந்த கோளாறு. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லவேண்டும்.

மின்ட் ஏற்றியதும் பாட்டு நன்றாகத்தான் கேட்டது. பட்டையை இறக்கினால் குரலும் வயலினும் தேய்ந்தன. தவிலும் பாஸ் கிட்டாரும் அதே பலத்தோடு நின்றன. பட்டை அடிவரை போனபிறகும் அடிப்பக்கம் மேஜையில் உறுமிக்கொண்டிருந்தது. மியூட் போட்டால்தான் அடங்கியது. அதாவது மேல் ஸ்பீக்கர் இரண்டும் பட்டைக்குக் கட்டுப்படுகின்றன, கீழ் இரண்டும் கட்டுப்படுவதில்லை.

இந்த மாதிரி இடத்தில்தான் அல்சாமிக்சர் கைகொடுக்கிறது. டெர்மினலில் அதன் பெயரை அடித்தால் நீலமும் பச்சையுமாகப் பட்டைகள் வருகின்றன. திறந்ததும் பெரும்பாலும் ஒரே ஒரு 'மாஸ்டர்' பட்டைதான் தெரியும். இதைப் பார்த்துவிட்டு 'எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது' என்று மூடிவிடுகிறவர்கள் பலர். அது பைப்வயரின் பட்டை, சில்லுடையதல்ல. எஃப்6 அழுத்தி உண்மையான ஒலிக் கார்டைத் தேர்ந்தெடுக்கவேண்டும். ஏஎம்டி லேப்டாப்பில் 'எச்டி-ஆடியோ ஜெனரிக்' என்று ஒரே பெயரில் இரண்டு இருக்கும். ஒன்று எச்டிஎம்ஐக்கு, இன்னொன்று ஸ்பீக்கருக்கு. சரியானதைத் திறந்தால் மாஸ்டர், ஹெட்போன், ஸ்பீக்கர், பிசிஎம், ஆட்டோ-மியூட் என்று வரிசையாக நிற்கும். பட்டையின் அடியில் எம் எழுத்து இரண்டு இருந்தால் மியூட். எம் கீயைத் தட்டினால் விலகும். பாட்டே கேட்காதவர்களுக்கு மருந்து பெரும்பாலும் இந்த ஒரு தட்டில் இருக்கிறது. ஹெட்போனைக் கழற்றியபின் ஸ்பீக்கர் வேலைசெய்யவில்லை என்பவர்கள் ஆட்டோ-மியூட்டை அணைத்துப் பார்க்கலாம்.

என் லேப்டாப்பில் எதிலும் மியூட் இல்லை. டெஸ்க்டாப் பட்டையை அசைத்தால் இங்கே மாஸ்டரும் கூடவே அசைந்தது. அப்படியானால் மேலிருந்து வரும் கட்டளை அல்சா வரை ஒழுங்காக வந்து சேர்கிறது. கோளாறு அதற்கும் கீழே.

மாஸ்டர் என்று தெரிவது சில்லில் இருக்கும் ஒரு தனிக் கட்டுப்பாடு அல்ல. சில்லுக்குள் டேக் எனப்படும் மாற்றிகள் பல உண்டு. ஒவ்வொன்றின் வாசலிலும் இருக்கும் ஆம்ப்ளிஃபயரைக் கர்னல் டிரைவர் ஒன்றாகக் கட்டி, மாஸ்டர் என்று ஒரே பிடியாகத் தருகிறது. வாசலில் ஆம்ப்ளிஃபயர் இல்லாத டேக்கில் ஸ்பீக்கரைக் கோத்துவிட்டால் மாஸ்டரின் பிடி அதற்கு எட்டாது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் கேட் வால்வுக்கு முன்னாலேயே ஒரு கிளையைப் பிரித்துவிட்டால், வால்வை எத்தனை திருகினாலும் அந்தக் குழாயில் தண்ணீர் நிற்காதல்லவா, அதே கதை.

இதைக் கண்ணால் பார்க்கவும் முடிகிறது. ப்ராக் அடைவுக்குள் இருக்கும் அசவுண்ட் அடைவில், ஒலிக் கார்டின் பெயரின் கீழ் 'கோடெக்' என்று ஒரு கோப்பு இருக்கிறது. சில்லின் உட்புறம் முழுவதும் அதில் எழுத்தாக விரிகிறது. முதல் வரியில் சில்லின் பெயர்; என்னுடையது ஏஎல்சி285. சற்றுக் கீழே பதினாறடிமான எண்களோடு முனைகள். 02 என்ற முனை ஒரு டேக். அதன் அடியில் ஆம்ப்ளிஃபயரின் விவரம் இருக்கிறது: 87 படிகள், படிக்கு 0.75 டெசிபல், ஆக மொத்தம் 65.25 டெசிபல் இறக்கலாம். 06 என்ற முனையும் டேக்தான். அதன் அடியில் ஆம்ப்ளிஃபயர் பற்றி ஒரு வரியும் இல்லை. 17 என்ற முனைதான் பாஸ் ஸ்பீக்கர். அது இணைந்திருந்தது 06-உடன். காரணம் கையில் கிடைத்துவிட்டது.

இது என் லேப்டாப்புக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2019-இல் வந்த திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் 7-ஆம் தலைமுறைக்கும் நான்கு ஸ்பீக்கர்கள், இதே சில்லு. 06-ஆம் முனைக்கு வால்யூம் கட்டுப்பாடு இல்லை, ஆகவே 17-ஐ அதனோடு சேர்க்கவேண்டாம் என்ற குறிப்போடு கர்னலின் மூல நிரலிலேயே ஒரு திருத்தம் இருக்கிறது.

மருந்து இரண்டு விதம். முதலாவது வயர்பிளம்பரின் 'சாஃப்ட்-மிக்சர்'. இதை இயக்கினால் சத்தத்தை ஏற்றி இறக்கவும் மியூட் போடவும் பைப்வயர் சில்லின் கட்டுப்பாடுகளைத் தொடாது. சத்தத்தைக் கணக்கிலேயே குறைத்து அனுப்பும். நான்கு ஸ்பீக்கரும் ஒன்றாக ஏறி இறங்கும். கீழ்ப்பகுதியில் மௌனம், ஒரு புள்ளியில் அலறல் என்ற கோளாறுக்கும் இது நன்றாகக் கேட்கிறது. இயக்குமுன் அல்சாமிக்சரில் மாஸ்டரையும் ஸ்பீக்கரையும் முழுதாக ஏற்றி, அல்சாசிடிஎல் கொண்டு அந்த நிலையைச் சேமித்துவிடவேண்டும். மின்ட் 22-இல் இருப்பது வயர்பிளம்பர் 0.4; அமைப்புக் கோப்பை லுவா மொழியில் எழுதவேண்டும். 2024-இல் வந்த 0.5 லுவா அமைப்புக் கோப்புகளைப் படிப்பதே இல்லை, அதற்குக் கான்ஃப் வடிவம். இணையத்தில் கிடைக்கும் குறிப்பு எந்தப் பதிப்புக்கானது என்று பார்க்காமல் ஒட்டினால் டெஸ்க்டாப்பில் எந்த எச்சரிக்கையும் வராது, எந்த மாற்றமும் நடக்காது. ஒரு பிழைச்செய்தியாவது காட்டியிருக்கலாம். பயனரை இருட்டில் விடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

சாஃப்ட்-மிக்சருக்கும் ஒரு விலை உண்டு. சில்லு எப்போதும் முழு வால்யூமில் நிற்கும். பைப்வயரைத் தாண்டி நேராக அல்சாவைத் திறக்கும் நிரல் எதையாவது ஓட்டினால் முழுச் சத்தத்தில் அலறும். ஹெட்போன் மாட்டியிருக்கும்போது இது ஆபத்து. மியூட்டும் கணக்கிலேயே நடப்பதால் கீயில் இருக்கும் சிறு விளக்கு எரியாது. ஒலித்தரம் குறைந்துவிடுமோ என்று பயப்படவேண்டியதில்லை. பைப்வயர் உள்ளே 32 பிட் மிதவைப் புள்ளியில் கணக்குப் போடுகிறது. லேப்டாப் ஸ்பீக்கரில் வித்தியாசம் கேட்காது.

இரண்டாவது மருந்து வேரிலேயே வைப்பது. ஒலி டிரைவருக்கு 'மாடல்' என்று ஒரு அமைப்பு உண்டு. வேறொரு லேப்டாப்புக்காக எழுதப்பட்ட திருத்தத்தை நம்முடையதற்கும் போட்டுப் பார்க்க அது வழிசெய்கிறது. கர்னல் ஆவணங்களில் எச்டி-ஆடியோ மாடல்கள் என்ற பக்கத்தில் பட்டியல் இருக்கிறது. என் சில்லுக்குப் பொருந்துவது இரண்டாம் ஸ்பீக்கரை முதல் டேக்குக்குத் திருப்பும் திருத்தம். டிரைவர் அமைப்புகள் இருக்கும் மோட்ப்ரோப் அடைவில் ஒரே ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் ஏஎம்டி லேப்டாப்பில் அதே டிரைவர்தான் எச்டிஎம்ஐயையும் பார்த்துக்கொள்கிறது. முதல் கார்டு பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். எனவே மாடல் பெயருக்கு முன்னால் ஒரு காற்புள்ளி வைத்து முதல் இடத்தைக் காலியாக விடவேண்டும். அந்தக் காற்புள்ளி இல்லாவிட்டால் திருத்தம் எச்டிஎம்ஐக்குப் போய்ச் சேரும், ஸ்பீக்கரில் ஒன்றும் நடக்காது.

வரியைச் சேர்த்து, லேப்டாப்பை முழுவதும் அணைத்துத் திறந்தேன். பட்டையை இறக்கினேன். தவிலும் வயலினும் சேர்ந்தே தேய்ந்தன. மியூட் விளக்கும் எரிகிறது. பாஸ் ஸ்பீக்கரைத் தனியாக ஏற்றி இறக்க முடியாது, ஏனென்றால் இப்போது நான்குக்கும் ஒரே டேக். எனக்கு அது இழப்பாகப் படவில்லை.

சத்தம் போதவில்லை என்பவர்களுக்கு மின்ட் ஒரு வசதி தருகிறது: ஒலி அமைப்பில் உச்ச வரம்பை 150 சதவீதம் வரை உயர்த்தலாம். இதைப் பற்றி எனக்குக் கறாரான அபிப்பிராயம் உண்டு. பட்டையின் சதவீதம் மும்மடிக் கணக்கில் ஓடுகிறது. 50 சதவீதம் என்றால் அலையின் உயரம் எட்டில் ஒரு பங்கு, அதாவது 18 டெசிபல் குறைவு. மறுபக்கம் 150 என்றால் அலை மூன்றேகால் மடங்குக்கும் மேல் உயர்கிறது. மெல்லிய குரலில் பதிவான பாடத்துக்கு இது உதவும். ஏற்கனவே உச்சத்தில் பதிவாகியிருக்கும் சினிமாப் பாட்டில் அலையின் தலை வெட்டுப்படும். காதுக்குக் கரகரப்பு, சின்ன ஸ்பீக்கரின் சுருளுக்குச் சூடு. வரம்பை 100-இலேயே வைத்துவிட்டு ஈசிஎஃபெக்ட்ஸ் என்ற அப்ளிகேஷனைப் போட்டு, அதிலுள்ள லிமிட்டரை இயக்குவதே நல்லது. சத்தமும் கூடும், வெட்டும் குறையும்.

பழைய லேப்டாப் வாங்கி லினக்ஸ் போட நினைப்பவர்கள் கடையிலேயே லைவ் யுஎஸ்பியில் மின்ட்டை ஓட்டிப் பாருங்கள். பாஸ் நன்றாகக் கேட்கும் பாட்டு ஒன்றைப் போட்டு, பட்டையை மெதுவாக அடிவரை இறக்குங்கள். பிறகு ஹெட்போனைச் செருகிக் கழற்றுங்கள். அதிக நேரம் ஆகாது.

டெஸ்க்டாப்பைப் பற்றிய என் குறை அப்படியே இருக்கிறது. சின்னமனின் ஒலி அமைப்பு பார்க்க எளிமையாக, தெளிவாக இருக்கிறது. ஆனால் எந்த ஸ்பீக்கர் எந்தக் கட்டுப்பாட்டின் கீழ் இருக்கிறது, அதில் மியூட் விழுந்திருக்கிறதா என்ற தகவல் எதுவும் அங்கே இல்லை. இவ்வளவும் அல்சாவுக்குத் தெரியும். ஒரு 'மேலும் விவரம்' பொத்தானுக்குள் காட்டியிருக்கலாம். டெர்மினலைப் பார்த்தாலே தயங்குகிறவர்கள்தான் மின்ட்டுக்கு அதிகம் வருகிறார்கள், அவர்களுக்காகவாவது செய்யவேண்டும்.

கர்னல் தரப்பில் நடக்கும் வேலை என்னை நெகிழ வைக்கிறது. ஒவ்வொரு லேப்டாப் மாடலுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. எந்த எண்ணுக்கு எந்தத் திருத்தம் என்று வரிவரியாகப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். என் சில்லின் வகைக்கான திருத்தங்களும் பட்டியலும் இருந்த கோப்பு பத்தாயிரம் வரிகளைத் தாண்டிப் போனது. ஒலிப் பகுதியை நெடுங்காலமாகப் பராமரித்துவரும் தகாஷி இவாய், முகம் தெரியாதவர்கள் அனுப்பும் ஒற்றை வரித் திருத்தங்களைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டே வருகிறார். நம் லேப்டாப்புக்கான வரி புதிய கர்னலில் ஏற்கனவே வந்திருக்கக்கூடும். மின்ட்டின் அப்டேட் மேனேஜரில் 'வியூ' பட்டியலில் 'லினக்ஸ் கர்னல்ஸ்' என்ற இடத்தில் புதியதை நிறுவிப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் கம்ப்யூட்டர் தொடங்கும்போதே பழையதைத் தேர்ந்தெடுத்துத் திரும்பிவிடலாம்.

வரி இன்னும் வரவில்லையென்றால் அல்சா-இன்ஃபோ என்ற நிரலை ஓட்டுங்கள். கோடெக் கோப்பு, அடையாள எண், மிக்சர் நிலை எல்லாவற்றையும் ஒரே அறிக்கையாகத் திரட்டித் தரும். எந்த மாடல் அமைப்பைப் போட்டால் சரியாகிறது என்ற ஒரு வாக்கியத்தையும் சேர்த்து அல்சா அஞ்சல் குழுவுக்கு அனுப்பினால் போதும். நிரல் எழுதத் தெரியவேண்டியதில்லை. என் லேப்டாப்பின் அறிக்கையை அனுப்பியிருக்கிறேன். அதன் எண் கர்னலுக்குள் வந்துசேரும் நாளில் மோட்ப்ரோப் வரியை எடுத்துவிடவேண்டும். நாம் எழுதிவைத்த மாடல் இருக்கும்வரை கர்னல் தன் பட்டியலைப் பார்க்காது. பிற்பாடு அதில் வரும் மேம்பாடுகளும் நம்மை எட்டாமலே போகும்.